ஏரிப் படகுத்துறைக்கு பைல் கைடு: 10 மி.மீ. இடைவெளி போதுமா?

பட்டறைக்காரன் (ராணிப்பேட்டை), மே 11

எல்லாருக்கும் வணக்கம். சிப்காட் பக்கம் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடமாக பாய்லர் டக்ட், ஹாப்பர், பிளாட்பாரம், கைப்பிடிக் கம்பி, இதுதான் பிழைப்பு. தண்ணீரில் நிற்கிற வேலை இதுவரை செய்ததில்லை.

இப்போது ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. நம் மாவட்டப் பக்கத்து ஏரி ஒன்றில் மிதக்கும் படகுத்துறை. 12 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். பிளாஸ்டிக் மிதவைகள் வேறு ஒருவர் தருகிறார். என் பங்கு நான்கு மூலைக்கும் நான்கு இரும்புத் தூண் (பைல்), 219 மி.மீ. வெளிவிட்டம், 8 மி.மீ. கனம். மேடையோடு சேர்ந்து அந்தத் தூணைச் சுற்றி ஏறி இறங்குகிற வளையம், அதாவது காலர், நான்கு. டிராயிங்கில் காலரின் உள்விட்டம் 239 என்று இருக்கிறது. அதாவது சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி. ஏரி நிறைவதற்கும் வற்றுவதற்கும் நடுவே 4 மீட்டர் வித்தியாசம் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

டிராயிங் போட்டவரிடம் கேட்டால் "துறைமுகத்தில் இப்படித்தான் செய்கிறார்கள், அப்படியே போடுங்கள்" என்கிறார். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகி (சத்துவாச்சாரி), மே 11

பாலாற்றில் தண்ணீரே வருடத்தில் சில நாள்தான். அதில் துறைமுக டெக்னாலஜி வேறா? நான்கு பக்கமும் கயிறு கட்டி சிமென்ட் கட்டையை அடியில் போட்டால் முடிந்தது. பைல் எதற்கு?

கழிமுகம் (ஆரணி, வேலை காட்டுப்பள்ளி), மே 11

பட்டறைக்காரன் அண்ணே, உங்கள் மனசு ஒப்பாதது சரிதான். டிராயிங்கை இன்னும் யாரிடமும் ஓ.கே. சொல்லிவிடாதீர்கள்.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம், இல்லையென்றால் இழை முழுக்கக் குழப்பம்தான். மூரிங் பைல் என்பது படகை அல்லது கப்பலைக் கயிற்றால் கட்டுகிற தூண். மாட்டுக்கு முளை அடிக்கிறோமே, அதே வேலை. கைடு பைல் வேறு. அதில் எதையும் கட்டுவதில்லை. மிதக்கிற மேடை பக்கவாட்டில் ஓடிவிடாமல் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் மட்டும் போகவிடுகிற தூண். லிப்டுக்கு தண்டவாளம் மாதிரி. உங்களுடையது கைடு பைல்.

கப்பல் துறையில் இன்னொன்றும் உண்டு, டால்ஃபின் என்பார்கள். மீன் இல்லை. பல பைல்களைச் சேர்த்துத் தலையில் ஒரு காங்கிரீட் தொப்பி போட்டால் டால்ஃபின். கப்பல் வந்து சாய்கிற இடியைத் தாங்குவதற்கு ஒரு வகை, கயிற்று இழுப்பை மட்டும் தாங்குவதற்கு இன்னொரு வகை. நமக்கு அது வேண்டாம்.

இடைவெளி விஷயத்துக்கு நாளை இரவு வருகிறேன், ஷிப்ட் இருக்கிறது.

கலங்கல் (குடியாத்தம், ஓய்வு), மே 12

முளை என்றதும் ஞாபகம் வந்தது. தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது, கட்டுத்தறி. ஆனால் எங்கள் ஊரில் தறி என்றால் கைலி நெய்கிற தறிதான் நினைவுக்கு வரும். "ஏரியில் தறி போடுகிறார்கள்" என்றால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள்.

சந்தேகி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு யாராவது ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். நான் ஏரி, மதகு, கலங்கல் என்று முப்பது வருடம் சுற்றியவன். மிதவை எனக்குப் புதிது.

காட்பாடி சிவில், மே 12

நான் இறுதியாண்டு சிவில். சந்தேகி சாருக்கு நான் முயற்சி செய்கிறேன்.

கயிறு அல்லது சங்கிலி போட்டால், ஏரி நிறைந்திருக்கும்போது இறுக்கமாக இருக்கிற அளவுக்கு நீளம் கொடுக்க வேண்டும். அதே சங்கிலி 4 மீட்டர் தண்ணீர் இறங்கியதும் தொளதொளவென்று ஆகிவிடும். மேடை காற்றுக்கு அங்கும் இங்கும் நகரும். கரையிலிருந்து மேடைக்குப் போகிற நடைபாலம் ஒன்று இருக்குமே, அதன் முனை பிய்ந்துவிடும். இல்லையென்றால் வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் போய் சங்கிலியை இழுத்துக் கட்ட வேண்டும். பைல் இருந்தால் அந்த வேலை இல்லை.

சந்தேகி, மே 12

வாரத்துக்கு ஒருமுறை இழுத்துக் கட்டுவதற்கு ஆள் கூலி எவ்வளவு, நான்கு பைல் இறக்க எவ்வளவு? கணக்குப் போட்டீர்களா தம்பி?

காட்பாடி சிவில், மே 12

தம்பி இல்லை சார், தங்கச்சி. கூலி கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வாரத்தில்தான் மழை வரும் என்பது தெரியும்.

சந்தேகி, மே 12

மன்னிக்கவும்மா. தீபாவளி பாயிண்டை ஒத்துக்கொள்கிறேன்.

கழிமுகம், மே 12, இரவு

இப்போது அந்த 10 மி.மீ.

துறைமுகத்தில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொன்னவர் எந்தத் துறைமுகத்தைப் பார்த்தார் என்று கேளுங்கள். சென்னைக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். நான் முன்பு சிங்கப்பூரில் இருந்தேன், அங்கே மூன்று மீட்டர் வரை போகும். குஜராத் பாவ்நகரில் 10 மீட்டரைத் தாண்டும். அங்கே கப்பல் நிற்கிற நீரை லாக் கேட் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு மோசம்.

நம் ஏரியில் 4 மீட்டர். அதாவது சென்னைத் துறைமுகத்தைவிட நான்கு மடங்கு. கடலில் அது தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும், ஏரியில் வருடத்துக்கு ஒருமுறை. யாரும் கவனிக்காததற்கு அதுதான் காரணம். ஏரி என்றாலே சின்னது, எளிது என்று நினைத்துவிடுகிறோம். மட்ட வித்தியாசத்தைப் பொறுத்தவரை இந்த ஏரிதான் சென்னைக் கடலைவிடக் கஷ்டம்.

இதற்கும் இடைவெளிக்கும் என்ன சம்பந்தம்? எந்த பைலும் நூல் பிடித்த மாதிரி நிற்காது. ஐ.எஸ். 2911 என்கிற நம் இந்தியத் தர விதியே செங்குத்து பைலுக்கு 1.5 சதவீதம் சாய்வு அனுமதிக்கிறது. சென்னையில் ஒரு மீட்டர் ஏற்றவற்றத்துக்கு அந்தச் சாய்வால் வருகிற நகர்வு 15 மி.மீ. உங்கள் ஏரியில் 4 மீட்டருக்கு 60 மி.மீ. இரண்டு பைல்கள் எதிரெதிராகச் சாய்ந்தால் நடு இடைவெளி 120 மி.மீ. மாறும். உங்கள் காலரில் இருப்பது பக்கத்துக்கு 10.

என்ன ஆகும்? ஒரு மட்டத்தில் சரியாகப் பொருந்தும். தண்ணீர் இறங்க இறங்க காலர் பைலை நெருக்கும். ஒரு நாள் பிடித்துக்கொள்ளும். ஒரு மூலை தொங்கும், மற்ற மூலை தண்ணீரோடு போகும். நான் ஒரு வேலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். இடம் சொல்லமாட்டேன். காலை டீ குடிக்கப் போகும்போது மேடை சமமாக இருந்தது. வற்றத்தில் திரும்பி வந்தால் ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மேடையில் வைத்திருந்த வெல்டிங் மெஷின் போய்விட்டது. காலரை கேஸ் கட்டிங்கில் அறுத்துத்தான் விடுவித்தோம்.

பட்டறைக்காரன், மே 13

வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். அப்படியென்றால் சுற்றிலும் 60 மி.மீ. விட்டுவிடட்டுமா?

கழிமுகம், மே 13

விட்டால் சிக்காது. ஆனால் காற்றடித்தால் மேடை 60 மி.மீ. ஓடிவந்து பைலில் இடிக்கும். திரும்பப் போய் அந்தப் பக்கம் இடிக்கும். ராத்திரி முழுக்க டங் டங் என்று கேட்கும். வெல்டு எத்தனை நாள் தாங்கும்?

பட்டறைக்காரன், மே 13

கொஞ்சம் யோசித்தேன். தப்பாக இருந்தால் திட்டுங்கள்.

பாய்லர் டக்ட்டில் எங்களுக்கு இதே தலைவலி உண்டு. சூடானதும் டக்ட் நீளும். எல்லா சப்போர்ட்டையும் இறுக்கினால் எங்காவது வெடிக்கும். அதனால் ஒரு இடத்தில் மட்டும் ஃபிக்ஸ்டு பாயின்ட். இன்னொன்றில் நீள வாக்கில் மட்டும் நகரும்படி நீள்துளை. மீதி எல்லாம் எந்தப் பக்கமும் வழுக்கும். இங்கேயும் அப்படிச் செய்தால்? ஒரு பைலுக்கு மட்டும் நெருக்கமான வட்டக் காலர். அதே பக்கத்தில் 12 மீட்டர் தள்ளி இருக்கிற பைலுக்கு நீளவாக்கில் திறந்த நீள்துளைக் காலர். மற்ற இரண்டுக்கும் எல்லாப் பக்கமும் தாராளம்.

கலங்கல், மே 13

தம்பி, பாலத்தில் ஒரு முனையில் நிலையான பேரிங், மறுமுனையில் நகரும் பேரிங் வைப்பதும் இதே கதைதான். நீங்கள் டக்ட் செய்தவர், நாங்கள் பாலம் கட்டியவர்கள். துறைமுகத்தை அப்படியே போடச் சொன்னவர் இரண்டையும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

கழிமுகம், மே 13

அருமை அண்ணே. அதேதான். இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் குறுக்கே அடிக்கிற காற்றின் இழுப்பு முதலில் இரண்டு பைல்களில்தான் விழும். நான்கும் பங்கு போட்டுக்கொள்ளும் என்று நம்பக் கூடாது. இரண்டே தாங்குமா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, இரும்பு இரும்பில் உரசக் கூடாது. காலருக்குள் ரோலர், அல்லது வழுவழுப்பான கனமான பாலிஎத்திலீன் கட்டை. அதன் பின்னால் ரப்பர் இருந்தால் இன்னும் நல்லது, பைல் சாய்ந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

காட்பாடி சிவில், மே 14

இரண்டு பைல் தாங்குமா என்று கணக்குப் போட்டேன். புராஜெக்ட் வேலையை விட்டுவிட்டு இதைச் செய்தேன், அதனால் யாராவது படியுங்கள்.

காற்று விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கி.மீ. என்று வைத்தேன். அழுத்தம் 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம், சதுர மீட்டருக்கு 375 நியூட்டன். மேடை மட்டும் என்றால் காற்றுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கூரை வைத்த பெடல் படகுகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். 12 மீட்டர் நீளத்துக்கு சராசரி 2.2 மீட்டர் உயரம் என்றால் 26 சதுர மீட்டர் சொச்சம். மொத்த விசை ஏறக்குறைய 10 கிலோநியூட்டன், ஒரு டன் எடை. இரண்டு பைலுக்குப் பிரித்தால் தலைக்கு 5.

ஏரி நிறைந்திருக்கும்போது விசை உயரத்தில் விழும். பைல் அசையாமல் பிடிபடுகிற இடத்திலிருந்து 6 மீட்டர் என்று எடுத்தேன். வளைவுத் திருப்பம் 30 கிலோநியூட்டன் மீட்டர். 219க்கு 8 குழாயின் செக்‌ஷன் மாடுலஸ் (குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கிற அளவு) 270 கன செ.மீ. தகைவு 111 மெகாபாஸ்கல் வருகிறது. இரும்பு 250 வரை நெளியாது. எனவே உடையாது.

ஆனால் தலை எவ்வளவு வளையும் என்று பார்த்தால் 61 மி.மீ.! எனக்கே ஆச்சரியம். வளைவு உயரத்தின் மும்மடிப்படி ஏறுகிறது. அதே பைல், அதே விசை, ஏரி பாதியாகி 4 மீட்டரில் பிடித்தால் 18 மி.மீ. மட்டுமே.

கழிமுகம், மே 14

படித்தோம் தங்கச்சி. அந்த 61 கெட்டது இல்லை. பைல் வளைந்து கொடுப்பதால்தான் இடி மெத்தென்று விழுகிறது. வளையும்போது தாராளமாக விட்ட மற்ற இரண்டு காலர்களும் பைலைத் தொட்டுவிடும், அப்போது அவையும் தோள் கொடுக்கும். மேடைக்கும் நடைபாலத்துக்கும் நடுவே அந்த அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்றையும் கணக்கு தானாகவே சொல்லிவிட்டது. ஏரி நிறைந்திருக்கிற நாளும் புயல் காற்றடிக்கிற நாளும் நம் ஊரில் ஒரே நாள். ஐப்பசி, கார்த்திகை.

ஆம்பூர் லெதர், மே 15

சுவாரசியமாகப் போகிறது. நான் தோல் வியாபாரம், இதில் எனக்கு வேலையில்லை. ஒரு முறை இத்தாலி போனபோது ஞாயிற்றுக்கிழமை வெனிஸ் சுற்றினேன். காயல் முழுக்க மரத்தூண்கள், மூன்று மூன்றாகத் தலை சேர்த்துக் கட்டி நிற்கின்றன. படகு போகிற வழியைக் காட்டுவதும் அவைதான். ஓக் மரம் என்றார்கள். நீர் தொடுகிற இடத்தில் மட்டும் கடித்துத் துப்பின கரும்பு மாதிரி இளைத்துப் போயிருந்தன. மேலே தடிமன், கீழே தடிமன், நடுவில் இடுப்பு.

கேள்வி: இரும்புக்குப் பதில் பனைமரம் போட்டால் என்ன? ஊரில் கிடைக்கிறதே.

கலங்கல், மே 15

நன்றாகக் கேட்டீர்கள். கிணற்றடியில் நெல்லிக்கட்டை போடுவார்களே, தலைமுறை தாண்டியும் இருக்கும். எப்போதும் முழுகியே இருக்கிற மரத்துக்குக் காற்று படாது, அழுகல் பூஞ்சைக்கு வேலை இல்லை. எப்போதும் காய்ந்தே இருக்கிற மரமும் தாங்கும். நனைந்து காய்ந்து நனைந்து காய்கிற இடம்தான் எமன். வெனிசில் இடுப்பு வந்தது அங்கேதான். அங்கே உப்பு நீர் வேறு, மரத்தைத் துளைக்கிற கப்பற்புழுவும் சேர்ந்துகொள்ளும். நல்ல நீரில் அது கிடையாது.

ஆனால் நம் ஏரியில் நீர்க்கோடு ஒரு இடத்தில் நிற்பதில்லை. 4 மீட்டர் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். முழு மரமும் இடுப்புதான். பனை வேண்டாம்.

பட்டறைக்காரன், மே 15

அப்போ இரும்புக்கும் அதே கதியா? கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) போட்டால் போதுமா, எபாக்சி பெயின்ட் வேண்டுமா?

கழிமுகம், மே 15

கடலில் இரும்பு அதிகமாகத் தின்னப்படுவது அலை தெறிக்கிற பகுதியில். உப்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்கிற இடம். அதனால் அங்கே சட்டை மாட்டுகிற மாதிரி எச்.டி.பி.இ. என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் உறை போடுவோம். நீருக்குள் இருக்கிற பகுதிக்கு அலுமினியம் அல்லது துத்தநாகத் துண்டுகளைத் தொங்கவிடுவோம், இரும்புக்குப் பதில் அவை கரையும். ஆனால் அந்தத் துண்டு நீருக்குள் இருக்கும்வரைதான் வேலை செய்யும். ஏரி வற்றிவிட்டால் சும்மா தொங்கும். நல்ல நீரில் மின்சாரம் சரியாக ஓடாது என்பதால் துத்தநாகம் பலிக்காது, மக்னீசியம் வேண்டும். உங்களுக்கு அந்த வழியே வேண்டாம் என்பேன். ஹாட் டிப் கால்வனைசிங், அதன் மேல் எபாக்சி, காலர் உரசுகிற நீளத்துக்கு உறை.

ஏரித் தண்ணீரை ஒருமுறை டெஸ்ட் கொடுங்கள். நம் பாலாற்றுப் படுகையில் எல்லா ஏரியும் "நல்ல நீர்" என்று கண்ணை மூடிச் சொல்ல முடியாது.

ஆம்பூர் லெதர், மே 15

என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய 1996 உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எங்கள் பக்கம் நிறைய மாறியிருக்கிறது. ஆனால் உப்பு (குளோரைடு) மண்ணுக்குள் போனது போனதுதான், மறுக்கவில்லை. டெஸ்ட் கொடுங்கள்.

பட்டறைக்காரன், மே 16

கால்வனைசிங் எனக்குத் தெரிந்த விஷயம். இதைப் படிக்கிற மற்ற பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: காலரை பாக்ஸ் செக்‌ஷனில் செய்தால் துளை விடாமல் மூடி அனுப்பாதீர்கள். 450 டிகிரி துத்தநாகத்தில் முக்கும்போது உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கும். ஆளைக் கொல்லும்.

இப்போது அடுத்த சந்தேகம். பைலை இறக்குவது யார்? நம் ஊரில் பைலிங் பார்ஜ், அதாவது பைல் இறக்குகிற தட்டைப் படகு, எங்கே இருக்கிறது?

சந்தேகி, மே 16

வேலூர்க் கோட்டை அகழியில் விட்டுப் பழகலாம். :)

கலங்கல், மே 16

அகழியில் தொல்லியல் துறையைக் கேட்காமல் ஒரு குச்சி நட முடியாது, நடவும் கூடாது. 2021 மழையில் அகழி பொங்கி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. அதை அப்படியே விட்டுவிடுவோம்.

பார்ஜ் எதற்குத் தம்பி? இது மே மாதம். உங்கள் ஏரியில் இப்போது தண்ணீர் இருக்கிறதா?

பட்டறைக்காரன், மே 16

நேற்று பைக்கில் போய்ப் பார்த்தேன். மதகு பக்கம் குட்டை மாதிரி கொஞ்சம். மீதி இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

கலங்கல், மே 16

அதுதான். கடல்காரர்களுக்குக் கிடைக்காத வரம் இது. லாரி நேராக ஏரிக்குள் போகும். திருச்செங்கோடு போர்வெல் வண்டி ஒன்றைக் கூப்பிடுங்கள். நம் பக்கம் வண்டலுக்குக் கீழே சீக்கிரமே பாறை வந்துவிடும், சுத்தியால் அடித்து இறக்குகிற பைல் இங்கே பலிக்காது. பாறையைத் துளைத்து, குழாயை நிறுத்தி, சுற்றிலும் சிமென்ட் கலவை ஊற்ற வேண்டும். வழக்கமான 6½ அங்குலத் துளை போதாது, உங்கள் குழாயே 8½ அங்குலத்துக்கு மேல் இருக்கிறது. 12 அங்குலத் துளை போடுகிற பெரிய சுத்தியல் உள்ள வண்டியா என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் வந்து நின்று வாடகை கேட்பார்கள்.

முக்கியமான ஒன்று. கரைக்குப் பக்கத்திலோ மதகுக்குப் பக்கத்திலோ துளை போடவே போடாதீர்கள். ஏரிக்கரை மண்ணால் ஆனது. அடியில் ஒரு கசிவுப் பாதை திறந்துவிட்டால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போய், ஒரு மழை ராத்திரியில் கரையே போகும். இடத்தைப் பொறியாளர் வந்து குறித்துக் கொடுக்காமல் ஒரு அடிகூடத் தோண்டாதீர்கள்.

கழிமுகம், மே 17

சார் சொன்னதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. காய்ந்த தரையில் நின்று தூக்குக்குண்டு விட்டு, இரண்டு பக்கம் கயிறு கட்டி, கலவை இறுகும்வரை பிடித்து வைக்கலாம். அரை சதவீதச் சாய்வுக்குள் நிறுத்திவிட முடியும். 4 மீட்டருக்கு 20 மி.மீ. அப்போது உங்கள் காலர் வேலை பாதி சுலபம்.

பாறையில் துளைத்து நிறுத்துவது மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் கிரசென்ட் சிட்டி என்று ஒரு மீன்பிடித் துறைமுகம். 2011 ஜப்பான் சுனாமி பசிபிக்கைத் தாண்டிப் போய் அதன் மிதவைத் துறையைச் சிதறடித்தது. திரும்பக் கட்டும்போது 30 அங்குல விட்டத்தில் இரும்பு கைடு பைல்களை அடிப்பாறைக்குள் துளைத்து இறக்கினார்கள். 

ஆம்பூர் லெதர், மே 17

திருகாணி மாதிரி திருகி இறக்குகிற பைல் என்று எங்கோ படித்தேனே?

கழிமுகம், மே 17

உண்டு. அலெக்சாண்டர் மிட்செல் என்று அயர்லாந்துக்காரர், 1833-ல் காப்புரிமை வாங்கினார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. கப்பல் கட்டுகிற மூரிங்குக்கும் கலங்கரை விளக்கத்துக்கும்தான் முதலில் பயன்பட்டது. 1860-களில் சென்னைக் கடற்கரையில் கட்டிய இரும்புப் பாலத்துறையும் திருகு பைல் மேல்தான் நின்றது. மணலில் நன்றாக இறங்கும். பாறையில் திருகினால் தலைதான் சுற்றும்.

கலங்கல், மே 17

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் இராயபுரத்தில் கிளம்பி எங்கே வந்து நின்றது தெரியுமா? நம் வாலாஜா ரோடு. சென்னைக்குத் துறைமுகம் கட்டுவதற்கு முன்பே நமக்கு ரயில் வந்துவிட்டது. சும்மா சொல்லிவைத்தேன்.

காட்பாடி சிவில், மே 18

பட்டறைக்காரன் அண்ணா, டிராயிங்கில் பைலின் உச்சி மட்டம் என்ன போட்டிருக்கிறார்கள்?

பட்டறைக்காரன், மே 18

"ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டத்துக்கு மேல் 0.5 மீட்டர்" என்று இருக்கிறது.

கழிமுகம், மே 18

ஐயோ.

கலங்கல், மே 18

ஐயோதான். முழுக் கொள்ளளவு மட்டம் என்பது கலங்கல் சுவரின் தலை. தண்ணீர் அதோடு நின்றுவிடாது, அதற்கு மேல் ஏறித்தான் வழியும். வெள்ளக் காலத்தில் கலங்கல் மேல் எவ்வளவு உயரம் ஓடும் என்பது ஒவ்வொரு ஏரிக்கும் கணக்கில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். பேச்சுக்கு 0.6 மீட்டர் வைப்போம். காலர் தண்ணீருக்கு மேல் 0.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். அலைக்கு 0.3. இதற்கே 1.3 ஆகிவிட்டது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியதே, அந்த மாதிரி வருடத்தில் மேடை பைலின் தலையைத் தாண்டி மேலே போய், தெப்பம் மாதிரி மிதந்து போயிருக்கும். நேராகக் கலங்கலில் போய் அடைத்திருக்கும். அப்புறம் ஊருக்குள் தண்ணீர்.

2 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். கடலோடு ஒப்பிட்டால் நமக்கு இதில் ஒரு நிம்மதி உண்டு. கலங்கல் இருப்பதால் மட்டம் ஒரு எல்லைக்கு மேல் போகாது. புயல் அலைக்குக் கலங்கல் கட்ட முடியாது.

கழிமுகம், மே 18

உச்சியைத் திறந்து விடாதீர்கள். கூம்பு மாதிரி மூடி போடுங்கள். மழை நீர் உள்ளே போகாது, நீர்க்காகம் உட்கார்ந்து சிறகு உலர்த்தாது. உட்கார்ந்தால் மேடை முழுக்க வெள்ளையடித்துவிடும்.

அடியையும் மறக்காதீர்கள். ஏரி முழுக்க வற்றினால் மேடை தரையில் உட்காரும். சேறு சமமாக இருக்காது. நான்கு இடத்தில் காங்கிரீட் திண்டு போட்டு, அதன் மேல் உட்காரும்படி செய்யுங்கள். காலரை இரண்டு பாதியாக, போல்ட் போட்டுத் திறக்கிற மாதிரி செய்யுங்கள். நான் கேஸ் கட்டிங் எடுத்த மாதிரி நீங்கள் எடுக்க வேண்டாம்.

சந்தேகி, மே 19

நான் கொச்சி போனபோது வாட்டர் மெட்ரோவில் ஏறினேன். மேடையும் மிதக்கிறது, படகும் மிதக்கிறது, கால் வைக்கிற இடம் எப்போதும் ஒரே சமம். அம்மாவை வீல்சேரில் அப்படியே உருட்டிக்கொண்டு போனேன். அப்போது அது எப்படி நிற்கிறது என்று யோசிக்கவே இல்லை. சரி, பைல் போடுங்கள். என் கயிற்றை நான் சுருட்டிக்கொள்கிறேன்.

பட்டறைக்காரன், ஜூன் 3

டிராயிங் திருத்தி வந்துவிட்டது. போட்டவர் முதலில் முறைத்தார். தங்கச்சியின் கணக்கையும் அந்த 60 மி.மீ. விஷயத்தையும் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நான் சிவப்பு மையில் திருத்துகிறேன், நீங்கள் டீ சொல்லுங்கள்" என்றார். ஒரு வட்டக் காலர், ஒரு நீள்துளைக் காலர், இரண்டு தாராளக் காலர். உச்சி மட்டம் 2.1 மீட்டர். போர்வெல் வண்டி அடுத்த வாரம். இடத்தைப் பொறியாளர் வந்து சுண்ணாம்பில் குறித்துவிட்டுப் போனார், கரையிலிருந்து நல்ல தூரம்.

பட்டறைக்காரன், நவம்பர் 24

பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னியுங்கள். ஏரி நிறைந்து இரண்டு நாளாகக் கலங்கல் ஓடுகிறது. மேடை மூன்றே முக்கால் மீட்டர் ஏறியிருக்கிறது. வட்டக் காலரும் நீள்துளைக் காலரும் எண்ணெய் போட்ட மாதிரி வந்தன. ராத்திரி காற்றில் தாராளக் காலர் இரண்டும் லேசாக டக் டக் என்றன, ரப்பர் இருப்பதால் காது வலிக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். மூன்றாவது காலரின் ரோலரில் ஆகாயத்தாமரை வேரும் ஒரு கிழிந்த மீன் வலையும் சேர்ந்து சுற்றிக்கொண்டு ரோலர் உருளவே இல்லை. அரிவாளால் அறுத்து எடுத்தேன். வரைந்தவர், கணக்குப் போட்டவர், பாறை துளைத்தவர் யாருக்கும் இது தோன்றவில்லை. இதற்கு என்ன செய்யலாம்?

கழிமுகம், நவம்பர் 24

கடலில் எங்களுக்கு பைலில் ஒட்டிக்கொள்கிற கொட்டலசு, உங்களுக்கு ஆகாயத்தாமரை. ரோலருக்குக் கீழே, பைலைச் சுற்றி, கெட்டியான நைலான் பிரஷ் ஒரு வளையமாகப் பொருத்துங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் தானே துடைத்துக்கொண்டு போகும். அந்தக் காலரில் ரோலரை எடுத்துவிட்டு வழுக்குக் கட்டை போட்டாலும் சரி. அது எப்படியும் தாராளக் காலர்தானே.

கலங்கல், நவம்பர் 25

வலை யாருடையது என்று ஊரில் கேட்டுவிட்டு அறுத்தீர்களா தம்பி?

பட்டறைக்காரன், நவம்பர் 25

கேட்கவில்லை சார். இன்று காலை பட்டறைக்கே வந்துவிட்டார். புது வலைக்குப் பாதி பணம் கொடுத்தேன்.